சிங்கம் உறுதி

குடுமியான்மலை
2.3.2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். ஒரு முக்கியமான முடிவைத் தெரிவிக்கவே இக்கடிதம். தொப்பி வாங்குவது என்று தீர்மானித்துவிட்டேன். காக்கி நிறம், சுற்றிலும் விளிம்பு, தாடைக்குக் கீழே கட்டிக்கொள்ள நாடா. நாடா வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கவே ஒரு வாரம் ஆனது. ஆப்பிரிக்காவில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரியாத நிலையில் நாடா இருப்பதே பொறுப்பான செயல் என்று முடிவுக்கு வந்தேன். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், பல படையெடுப்புகள் இதைவிடக் குறைந்த யோசனையில் நடந்திருக்கின்றன.

தொப்பி வாங்கியவன் பயணம் போயே ஆக வேண்டும். என் மகன் செந்தமிழனுக்கும் தங்கள் மகள் இலக்கியாவுக்கும் கல்யாணம் முடிந்து, தங்கள் வீட்டில் மறுவீட்டு விருந்து நடந்த நாளை நினைவுபடுத்துகிறேன். எதைப் பேசினாலும் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று நாம் இருவரும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் சிங்கம் வந்தது. “ஒரு தடவை நேர்ல பாக்கணும்ங்க” என்றீர்கள். “நானும் அதத்தாங்க நெனச்சேன்” என்றேன். சம்பந்திகளான பிறகு நாம் மனதார ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நடந்தது தாங்கள் அறிந்ததே. ஜனவரியில் பிள்ளைகள் பரஸ்பர சம்மதத்தோடு விவாகரத்து வாங்கிக்கொண்டார்கள். நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்து இருவரும் ஒரே கடையில் ஜூஸ் குடித்ததாகக் கேள்வி. பரஸ்பர சம்மதம் இல்லாமல் பிரிந்தவர்கள் என் மனைவி பிரகதாம்பாளும் தங்கள் வீட்டு அம்மாவும்தான். கல்யாணத்தில் கொடுத்து வாங்கிய சாமான்கள் இரு பக்கமும் குட்டியானை வண்டியில் திரும்பின. அன்றே என் கைப்பேசியில் தங்கள் எண்ணைப் பிரகதாம்பாள் தடை செய்துவிட்டாள். தடையை எப்படி நீக்குவது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அவளிடம் கேட்க முடியாது. ஆகவே தபால்.

தாங்கள் நாள் தவறாமல் நூலகம் போவது தெரியும் என்பதால் குளத்தூர் நூலக முகவரிக்கு அனுப்புகிறேன். பதில் எழுதினால் இங்குள்ள கிளை அஞ்சலகத்துக்கு எழுதவும். அங்கே பொறுப்பில் இருக்கும் அடைக்கலமேரி என் கையில் கொடுத்துவிடுவார்.

இன்னொன்று. தங்களுக்குச் சம்பந்தி மரியாதையாகக் கொடுத்த மாம்பழக்கரை வேட்டி மட்டும் திரும்பி வரவில்லை என்று பிரகதாம்பாள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் கேட்கவில்லை. அவள் சொல்வதைத் தெரிவிக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
சி. பழனிச்சாமி


குளத்தூர்
9.3.2025

சம்பந்தி அவர்களுக்கு,

நலம். நூலகர் கடிதத்தை என்னிடம் கொடுத்து, “வழக்கு ஏதும் இல்லையேங்க?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

சம்பந்தி என்று எழுதலாமா என்று எனக்கும் யோசனை இருந்தது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலை நரைத்தவன் நான். ஒரு பத்திரம் ரத்தானால் அதில் கண்ட பாத்தியதையும் ரத்து. ஆனால் மனுக் கொடுத்தது பிள்ளைகள், அவர்கள் இருவரையும் பிரித்துவிடும்படி. நம் இருவரையும் பிரிக்கச் சொல்லி யாரும் மனுக் கொடுக்கவில்லை. மனு இல்லாத விஷயத்தில் தீர்ப்பும் இருக்க முடியாது. ஆகவே மேற்படி சொல்லையே பயன்படுத்தியிருக்கிறேன்.

இங்கும் தடைதான். என் கைப்பேசி என் பெயரில் இருக்கிறது, என் மனைவி அமிர்தவல்லியின் கையில் இருக்கிறது. பயணத்தைப் பற்றி நேற்று மெதுவாக ஆரம்பித்தேன்.

“ஆப்பிரிக்காவா? அங்க என்ன கோயில் இருக்கு?”

“கோயில் இல்ல. சிங்கம்.”

“அதான் வண்டலூர்ல இருக்கே.”

“அது கூண்டுக்குள்ள இருக்கு.”

“அதுனாலதான் வண்டலூர் சொல்றேன்.” கொஞ்ச நேரம் முருங்கைக்கீரை உருவினாள். “சரி, போங்க. யார் கூட வேணா போங்க. குடுமியான்மலைக்காரங்க கூட மட்டும் போனீங்க, திரும்பி இங்கிட்டு வர வேணாம்.”

தங்கள் பேச்சையே நான் எடுக்கவில்லை. “தனியாத்தான் போறேன்” என்றேன். தாங்களும் வீட்டில் அவ்வாறே சொல்லவும்.

அடுத்தது, யார் கூட்டிப் போவது என்பது. சுற்றுலா கம்பெனியை மாப்பிள்ளை பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். வாசல் வழியாகப் போய்க் கேட்டால் நல்லதைத்தான் சொல்வார்கள். பக்கத்து டீக்கடையில் விசாரிக்க வேண்டும். தங்கள் வீட்டையும் நான் அப்படித்தான் விசாரித்தேன். “தங்கமான பையன்” என்றார்கள். பையன் தங்கம்தான். தங்கம் பேசாது என்பதை அவர்கள் சொல்லவில்லை.

திருச்சியில் ஒரு கம்பெனியும் மதுரையில் ஒரு கம்பெனியும் ஆப்பிரிக்கா கூட்டிப் போவதாக நூலகத்துக்கு வரும் பேப்பரில் விளம்பரம். திருச்சியைத் தாங்கள் பாருங்கள். மதுரைக்கு நான் போகிறேன்.

தங்கள்,
ரெ. பெரியகருப்பன்


குடுமியான்மலை
23.3.2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தங்கம் பற்றிய தகவல் கிடைத்தது. இலக்கியா கலகலப்பாகப் பேசும் பெண் என்று எங்களிடமும் சொன்னார்கள். அது முழு உண்மை. எப்போது நிறுத்துவாள் என்று கேட்காதது எங்கள் தரப்புக் குறைபாடு. இத்துடன் கணக்கு நேராகிவிட்டது என்று கொள்கிறேன்.

திருச்சி சென்றேன். கம்பெனியின் பெயர் சிம்மாசனம் டூர்ஸ். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் ஆளுயரத்துக்குச் சிங்கத்தின் முகம், அதன் கீழே “சிங்கம் உறுதி” என்று பெரிய எழுத்து. மேலாளர் ரியாசுதீன், சுறுசுறுப்பான மனிதர்.

“சிங்கத்தப் பாக்க முடியுமாங்க?” என்றேன்.

“முடியுமாவா? உறுதிங்க ஐயா. எழுதியே போட்டிருக்கோம்.”

“சிங்கத்துக்குத் தெரியுமா?”

“அதெல்லாம் நம்ம டிரைவர் பாத்துக்குவாரு. நீங்க அத நெனச்சுக் கவலப்படாதீங்க.”

“சாப்பாடு?”

“காலைல பொங்கல். மத்தியானம் சாம்பார், ரசம், தயிரு. ராத்திரி தோசை. சமையல்காரர் திருச்சிலேர்ந்தே கூட வர்றாரு. அப்பளம் ரெண்டு வேளை.”

தாங்கள் சொன்னபடி டீக்கடையிலும் விசாரித்தேன். கடைக்காரர் நெடுநேரம் யோசித்து, “போனவுக எல்லாரும் திரும்பி வந்துட்டாக” என்றார். பயண ஏற்பாட்டாளரைப் பற்றி இதைவிட உயர்ந்த சான்றிதழ் இருக்க முடியாது.

என் மனம் சிம்மாசனத்தின் பக்கம் சாய்கிறது. முக்கியக் காரணம் ரசம். ஆயினும் தங்கள் விருப்பம் எதுவோ அதுவே.

அடைக்கலமேரி தங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். “ஐயா, இந்த ஊர்ல காயிதம் எழுதுற ஆளு நீங்க ஒருத்தருதான். ஒங்களாலதான் இந்த ஆபீசு ஓடுது” என்கிறார்.

அன்புடன்,
பழனிச்சாமி


குளத்தூர்
2.4.2025

சம்பந்தி அவர்களுக்கு,

மதுரையில் பார்த்தது அகண்டவெளி டிராவல்ஸ். மாடியில் ஒற்றை அறை. மின்விசிறி உண்டு, அன்று மின்சாரம் இல்லை. நடத்துகிறவர் சுடர்விழி என்று ஒரு பெண், வயது நாற்பதுக்குள். நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

“சிங்கம் தெரியுமாம்மா?”

“தெரியலாம். தெரியாமலும் போகலாம் சார்.”

“சாப்பாடு?”

“அங்க என்ன போடுறாங்களோ அதுதான்.”

“மழை வந்தா?”

“நனைவோம்.”

“எதுக்காச்சும் உறுதி குடுப்பீங்களா?”

கொஞ்சம் யோசித்தார். “ஏர்போர்ட்டுக்கு நான் வந்துருவேன் சார். ஃபிளைட் வருமான்னு ஃபிளைட்காரங்களத்தான் கேக்கணும்.”

ஒப்பந்தத்தைக் கொடுத்தார். பக்கம் பக்கமாக, எதற்கெல்லாம் தான் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறார். பெட்டி தொலைந்தால் பொறுப்பில்லை, குரங்கு எதையாவது எடுத்தால் பொறுப்பில்லை, மிருகங்கள் வராவிட்டால் பொறுப்பில்லை, வந்தாலும் பொறுப்பில்லை. என் உத்தியோக காலத்தில் இப்படி ஒரு நேர்மையான பத்திரத்தை நான் பதிந்ததில்லை. கல்யாணப் பேச்சு நடந்தபோது இவரைப் போல ஒருவர் நம் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

டீக்கடையில், “அந்தம்மாவா? சிரிக்கவே சிரிக்காது. ஆனா ஆள விட்டுட்டு வராது” என்றார்கள்.

நான் அகண்டவெளி என்பேன். ஆனால் தங்கள் சித்தம் எப்படியோ அப்படி.

பெரியகருப்பன்


குடுமியான்மலை
14.4.2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நல்ல நாளில் நல்ல செய்தி. தங்கள் விருப்பத்தை முன்னிட்டு ரசத்தைத் துறந்தேன். இன்று காலை அகண்டவெளியில் முன்பணம் கட்டிவிட்டேன். ஆகஸ்ட் மாதம், கென்யாவில் மசாய் மாரா. தங்களுக்கு என் பக்கத்து இருக்கையைச் சொல்லி வைத்திருக்கிறேன். ஜன்னல் ஓரம் தங்களுடையது.

பழனிச்சாமி


குளத்தூர்
14.4.2025

சம்பந்தி அவர்களுக்கு,

நாள் நன்றாக இருந்ததால் இன்றே முடித்துவிட்டேன். ரசம் இல்லாமல் தாங்கள் சிரமப்படுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சிங்கம் பார்க்க முடியாது. சிம்மாசனத்தில் முன்பணம் கட்டிவிட்டேன். ஆகஸ்ட், மசாய் மாரா. தாங்களும் உடனே கட்டிவிடவும். ஜன்னல் இருக்கை தங்களுக்கு.

பெரியகருப்பன்


குளத்தூர்
21.4.2025

சம்பந்தி அவர்களுக்கு,

நம் கடிதங்கள் இரண்டும் வழியில் எங்கோ ஒரே சாக்குப் பையில் இருந்திருக்க வேண்டும். அவையாவது பேசிக்கொண்டிருக்கலாம்.

கல்யாணத்தன்று பந்தியில் “நீங்க ஒக்காருங்க”, “இல்லீங்க, நீங்க மொதல்ல” என்று நாம் நின்றதில் பாயசம் தீர்ந்துபோனது நினைவிருக்கலாம். அதே வியாதி.

இப்போது ஒரு வேண்டுகோள். தயவுசெய்து தாங்கள் கம்பெனியை மாற்ற வேண்டாம். தாங்கள் மாற்றுவீர்கள் என்று பயந்து நானும் மாற்றுவேன், எனக்கு என்னைத் தெரியும். மறுபடியும் ஆளுக்கொரு பக்கம் நிற்போம். அவரவர் கட்டிய இடத்தில் அவரவர் இருப்போம். இரண்டு கம்பெனியும் ஒரே வாரத்தில்தான் போகின்றன. இரண்டு கூடாரங்களும் ஒரே ஆற்றின் இரு கரைகளில் இருக்கின்றனவாம். அங்குள்ள டிரைவர்கள் ஒருவருக்கொருவர் பழக்கம் என்று ரியாசுதீன் சொல்கிறார். சீட்டுக் கொடுத்தால் கொண்டுபோய்ச் சேர்ப்பார்களாம்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. தனியாகப் போகிறேன் என்று அமிர்தவல்லியிடம் சொன்னதுதான் சில வாரங்களாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது அது உண்மையாகிவிட்டது.

பெரியகருப்பன்


மசாய் மாரா
12.8.2025, காலை

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இதைக் கொண்டுவருபவர் எங்கள் டிரைவர் சாம்வெல். நம்பிக்கையானவர்.

வந்து சேர்ந்தேன், பெட்டி வரவில்லை. நடுவில் விமானம் மாறிய ஊரில் அது வேறு யோசனைக்குப் போய்விட்டது. சுடர்விழி அவர்களிடம் முறையிட்டேன். “பெட்டி தொலஞ்சா பொறுப்பில்லன்னு எழுதித்தான சார் குடுத்தேன்” என்றார். சொல்லிவிட்டு, விமானக் கம்பெனியின் கவுண்டரில் போய் நின்றார். நகரவே இல்லை. அங்கிருந்தவர் சாப்பிடப் போனார், வந்தார், இவர் அதே இடத்தில் நின்றார். கடைசியில் ரசீது, தொலைபேசி எண், மேலாளரின் பெயர் மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்து, வழியில் வண்டியை நிறுத்தி எனக்குப் பல் துலக்கும் பிரஷும் சோப்பும் வாங்கிக் கொடுத்தார். சிரிக்கவில்லை.

நேற்று இங்கே மழை. கூடார வாசலிலேயே வழுக்கி விழுந்தேன். அடி இல்லை, சேறுதான். ஊரிலிருந்து போட்டுவந்த ஒரே கால்சட்டையை அலசிக் கயிற்றில் காயப்போட்டேன். ஒரு குரங்கு வந்து, கால்சட்டையை எடுத்து, இரண்டு பையிலும் கைவிட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லாததால் கோபித்துக்கொண்டு அதோடு மரத்தில் ஏறிவிட்டது. நம் குடுமியான்மலைக் குரங்குகள் தேங்காய் மூடியோடு நிறுத்திக்கொள்பவை. நான் தற்போது கம்பளியைச் சுற்றிக்கொண்டு கூடாரத்துக்குள் இருக்கிறேன். மற்றவர்கள் சிங்கம் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை, ஆனால் குரங்கு மரத்தின் மேலிருந்து எல்லோருக்கும் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

இரத்த அழுத்த மாத்திரையும் பெட்டியில்தான். தொப்பியும்.

இதைச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளவும். கோரிக்கை அல்ல.

பழனிச்சாமி


மசாய் மாரா, மறுகரை
12.8.2025, மாலை

சம்பந்தி அவர்களுக்கு,

சாம்வெலிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். அதில் மாத்திரை இருக்கிறது. நம் இருவருக்கும் புதுக்கோட்டையில் ஒரே டாக்டர், ஒரே மாத்திரை என்பது கல்யாண மண்டபத்திலேயே தெரிந்த விஷயம். அவர் வேறு மாத்திரை எழுதி நான் பார்த்ததில்லை.

கூடவே ஒரு வேட்டி. இது சீர் அல்ல, மாற்று உடை. எதிர்மரியாதை எதிர்பார்க்கப்படவில்லை.

பிரித்ததும் தங்களுக்குத் தெரிந்துவிடும், ஆகவே நானே சொல்கிறேன். இது அந்த மாம்பழக்கரை வேட்டிதான். குட்டியானை வந்த அன்று காலை நான் இதைத்தான் கட்டியிருந்தேன். வண்டிக்காரர் முன்னால் அவிழ்த்துக் கொடுக்க முடியவில்லை. பிறகு கொடுக்க மனம் வரவில்லை. நல்ல வேட்டி.

இங்கே பொங்கல், ரசம், அப்பளம் எல்லாம் சொன்னபடி. தயிர் மட்டும் குளிரில் உறையவில்லை. அதற்காக எங்கள் குழுவில் ஒரு கூட்டம் நடந்தது. சமையல்காரர் பால் பாத்திரத்தைத் தன் படுக்கைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவதாக ஒப்புக்கொண்ட பிறகே அமைதி திரும்பியது. சிங்கம் இன்னும் அகப்படவில்லை. உறுதி என்று எழுதிப் போட்டிருப்பதால் ரியாசுதீனுக்குத் தூக்கம் இல்லை. டிரைவரைப் பிடித்து உலுக்குகிறார்.

நாளை வேட்டியைக் கட்டிக்கொண்டு தாங்கள் வெளியே வர வேண்டும். இவ்வளவு தூரம் வந்து கம்பளிக்குள் இருக்கக் கூடாது.

பெரியகருப்பன்


குளத்தூர்
25.8.2025

சம்பந்தி அவர்களுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். அந்தப் பிற்பகலில் தாங்கள் வெளியிலிருந்து பார்த்தது பாதிதான். வேனுக்குள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

சிங்கத்தை எப்படியும் காட்டிவிட வேண்டும் என்று டிரைவர் ஒரு ஓடைக்குள் வண்டியை இறக்கினார். சக்கரம் சேற்றில் புதைந்தது. இறங்கித் தள்ளலாம் என்று நான்கைந்து பேர் எழுந்தோம். கதவில் கை வைக்கும் நேரத்தில் புல்லை விலக்கிக்கொண்டு சிங்கம் வந்தது. நல்ல வெயில். சுற்றிலும் நிழல் என்று இருந்தது எங்கள் வேனின் நிழல்தான். வந்து, முகர்ந்து பார்த்து, கதவை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

முதலில் எல்லோருக்கும் ஆனந்தம். ரியாசுதீன் எழுந்து நின்று, “சொன்னேன்ல? உறுதின்னு சொன்னேன்ல?” என்று ஒவ்வொரு இருக்கையாக வந்து கை கொடுத்தார். வெயில் சாயத் தொடங்கியும் அது எழுந்திருக்கவில்லை. மணமேல்குடியிலிருந்து வந்திருந்த காத்தாயி அம்மாள், “தம்பி, பாத்தாச்சுப்பா. போதும். போகச் சொல்லு” என்றார் ரியாசுதீனிடம். “அது எப்படிம்மா நான் சொல்றது?” “நீதான உறுதி குடுத்த? வரச் சொன்னவன் போகச் சொல்ல மாட்டியா?” அப்பளத்தை ஜன்னல் வழியாகத் தூரமாகப் போட்டுப் பார்த்தார்கள். சிங்கம் தலையைத் தூக்கி அப்பளத்தைப் பார்த்தது, பிறகு படுத்துக்கொண்டது.

அப்போதுதான் சிங்கத்துக்கு அந்தப் பக்கத்தில் சாம்வெலின் ஜீப் வந்து நின்றது. அதன் திறந்த கூரையில், இருக்கைமேல் ஏறி நின்றபடி, மாம்பழக்கரை வேட்டியோடு தாங்கள். நான் கண்ணாடி வழியாகக் கும்பிட்டேன். தாங்களும் கும்பிட்டீர்கள். நடுவில் சிங்கம் படுத்திருந்தது. தாங்கள் முதலில் கிளம்பும்படி நான் கையைக் காட்டினேன். தாங்கள், நாங்கள் முதலில் போகும்படி காட்டினீர்கள். எங்கள் சக்கரம் புதைந்திருந்ததை அங்கிருந்து தாங்கள் பார்த்திருக்க முடியாது. சிங்கம் எழுந்து போய், சாம்வெல் கயிறு கட்டி எங்களை இழுத்துவிடும்வரை தங்கள் ஜீப் அங்கேயே நின்றது. நாம் சேர்ந்து சிங்கம் பார்த்தாகிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி நல்லதல்லாத செய்தி. ரியாசுதீன் அப்போது ஒரு போட்டோ எடுத்தார். முன்னால் சிங்கத்தின் தலை, அதற்கு நேர் பின்னால் வேட்டியோடு கும்பிட்டபடி தாங்கள். “சிங்கம் உறுதி” என்று எழுதிக் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டார். நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்க அமிர்தவல்லி தினமும் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள்.

“தனியாத்தான் போனீங்களா?”

“தனியாத்தான்.”

“அப்ப சிங்கத்துக்குப் பின்னால நிக்கிறது யாரு?”

“அது வேற கம்பெனி.”

உண்மையைத்தான் சொன்னேன். அன்றிலிருந்து காப்பி வருகிறது, பேச்சு வரவில்லை. இலக்கியா அந்தப் போட்டோவைச் செந்தமிழனுக்கு அனுப்பிவிட்டாளாம். அவர்கள் இருவரும் இன்னும் வாட்ஸப்பில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கல்யாணமாகி இருந்தபோதைவிட இப்போது அவர் அதிகம் பேசுகிறார் என்கிறாள். அங்கிருந்து அது தங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்.

கடிதமும் கூடாது என்று தங்கள் வீட்டில் சொல்லிவிட்டால், தாங்கள் பதில் எழுத வேண்டாம். நான் தவறாக நினைக்க மாட்டேன். நூலகத்துக்கு எப்போதும் போல் போய்க்கொண்டுதான் இருப்பேன். வேட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அது சேர வேண்டிய வீட்டில் சேர்ந்துவிட்டது.

தங்கள்,
பெரியகருப்பன்


குடுமியான்மலை
3.9.2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

பதில் தாமதமானதற்குப் பெட்டியும் ஒரு காரணம். அது நேற்றுத்தான் வந்தது. சுடர்விழி அவர்களே ஆள் அனுப்பிச் சேர்த்தார். பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்தவர், தினமும் அந்த மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். உள்ளே எல்லாம் வைத்தபடி இருக்கிறது. தொப்பியின் நாடாவில் கடைச் சீட்டுக்கூடப் பிரிக்கப்படவில்லை.

போட்டோ நான் வருவதற்கு முன்பே இங்கு வந்து சேர்ந்திருந்தது. பிரகதாம்பாள் நான் குளித்துச் சாப்பிடும்வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். சிங்கம் திரையை விட்டு வெளியே போனது. என் முகமும் போனது. வேட்டியின் கரை மட்டும் நின்றது.

“இது நான் எடுத்துக் குடுத்த வேட்டியில்ல?”

ஆம் என்றேன். பெட்டி, குரங்கு, கம்பளி எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை அனுப்பியதையும் சொன்னேன். எதையும் மறைக்கும் நிலையில் நான் இல்லை.

“குரங்கு தூக்கிட்டுப் போனத நீங்க யாருகிட்டயும் சொல்லல. அவுகளுக்கு மட்டும் எழுதுனீங்க?”

“ஆமா.”

கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு, “கரை கொஞ்சங்கூடச் சாயம் போகல பாருங்க. புதுக்கோட்டை கீழ ராஜ வீதில அத்தன கடை ஏறி எறங்கி எடுத்தது. நீங்கதான் ஏதோ ஒண்ணு போதும்னீங்க” என்றாள். எழுந்துபோய் என் துணிப் பையைப் பிரித்து வேட்டியை எடுத்துவந்து வெளிச்சத்தில் விரித்தாள். சேற்றுக் கறை ஓரமாகத்தான் இருந்தது. முகர்ந்து பார்த்தாள். “எதுல அலசுவாக? நம்ம வீட்டு வேட்டியெல்லாம் ஆறு மாசத்துல பழுப்பேறிப் போகுது. இது இத்தன வருசம் கழிச்சும் இப்படி இருக்கு.”

எனக்குத் தெரியாது என்றேன்.

வேட்டியைத் துவைத்து இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறாள். அது குளத்தூருக்குத்தான் திரும்பி வரும். ஒருத்தருக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை என்கிறாள். குட்டியானையை நான் நினைவுபடுத்தவில்லை.

இந்தக் கடிதத்தை அடைக்கலமேரியிடம் கொடுக்கக் கிளம்பும்போது ஒன்று தெரியவந்தது, அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். நேற்று மாலை பிரகதாம்பாள், எந்தச் சோப்பு என்று கேட்க, என் கைப்பேசியிலிருந்து தங்கள் எண்ணுக்குப் போன் செய்திருக்கிறாள். எடுத்தது தங்கள் வீட்டு அம்மா. கொல்லைப்பக்கம் போய்ப் பேசினாள், அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. பேசி முடித்ததும் உள்ளே வந்து அடுப்பைத் துடைத்துவிட்டு, கைப்பேசியைச் சார்ஜில் போட்டாள்.

போன் செய்வதற்காகத் தங்கள் எண்ணின் தடையை நீக்கியிருக்கிறாள். திரும்பப் போடவில்லை.

பழனிச்சாமி